மூலமும் படியும்



ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேசுவது, விருந்துக்கு அழைத்துவிட்டு இலையில் என்னென்ன பரிமாறினோம் என்று வாயாற் சொல்லி அனுப்பிவிடுவது போன்றது. கண்ணாற் காணவேண்டியதைக் காதாற் கேட்கும்படி உங்களை வருத்துகிறேன். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஓவியமன்று. ஓவியத்திற்குப் படி எடுக்கும் தொழில். ஓவியர் ஒருவர் தம் கையால் தீட்டிய மூலப்படத்தை, டிஜிட்டல் காமிராவினாலும் கணிப்பொறியினாலும் அச்சுப்பொறியினாலும், அருகருகே வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு எளிதிற் புலப்படாதபடி இக்காலத்தில் அச்சிட முடிகிறது. அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை, நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்கிச் சொல்லுகிறேன்.

தேனி மாவட்டத்தில், தேவாரத்திற்கு அருகே, மலையடிவாரத்திலுள்ள பொட்டிப்புரம் என் ஊர். நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் பெயரோடு சேர்த்து இவ்வூரின் பெயரை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். அதைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. அது வேறொரு நாட் பேச்சு. எங்கள் ஊருக்கு மேற்கே மலை. மாலையில் கதிரவன் அதன் பின்னே இறங்கும்போது, மலை முழுவதும் ஊதாவும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்தைக் கொள்ளும். அந்த நிறத்திற்குப் பெயர் கிடையாது. நான் பணியாற்றிய பள்ளியின் ஓவிய ஆசிரியர் அந்த நிறத்தைப் பிடித்துவிட்டார். முப்பது அங்குல நீளமும் இருபத்திரண்டு அங்குல உயரமும் உள்ள தடித்த தாளில், நீர்வண்ணத்தில், அந்தியில் மலையையும், அடிவாரத்துப் புன்செய்களையும், மேய்ச்சல் முடிந்து தொழுவுக்குத் திரும்பும் மலைமாடுகளையும் தீட்டினார். ஓய்வு பெற்றபோது அதைப் பள்ளிக்கே கொடுத்துச் சென்றார். கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினோம். சுமார் இருபது ஆண்டுகள் நாள்தோறும் அதனைக் கடந்துதான் என் அறைக்குச் சென்றேன்.

2009-ஆம் ஆண்டில் பள்ளி ஆண்டுவிழா வந்தது. அப்போது நான் தலைமையாசிரியன். அந்தப் படத்தைப் பெரிதாக்கி மேடைக்குப் பின்னே வைக்கவேண்டும் என்று எனக்கு ஆசை தோன்றிற்று. என்னிடமிருந்த சிறு காமிராவால், கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றாமலே, மின்னல் விளக்கைப் போட்டு நானே படம் பிடித்தேன். நகரத்துக் கடையொன்றில் ஆறடி அகலத்தில் பிளெக்ஸில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். மரச்சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று கீழோரத்தில் ஒரு பட்டையை வெட்டியும்விட்டார்கள். நான் அதையும் பெரிதாக எண்ணவில்லை. விழா முடிந்ததும் அந்த பிளெக்ஸ் படத்தையே கூடத்தில் நிறுத்தினோம். புதியது பெரியதாகவும் பளபளப்பாகவும் இருந்தது. பழையது சிறியதாகவும் மங்கலாகவும் தோன்றிற்று. மூலப்படத்தைத் தாளிற் சுற்றிச் சாமான் அறையில் வைத்தோம்.

அந்த பிளெக்ஸில் மலை பச்சை கலந்த நீலமாக இருந்தது. மலைக்கு மேலே வெண்மையாக வட்டமொன்றும் இருந்தது. மின்னல் விளக்கின் ஒளி கண்ணாடியிற் பட்டுத் திரும்பியதால் வந்த கறை அது. பின்வந்த மாணவர்கள் அதனை நிலா என்று கொண்டார்கள். ‘எங்கள் பள்ளியின் ஓவியம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், மலைமேல் முழுநிலா காய்வதாக எழுதினார்கள். ஆசிரியர்களும் மதிப்பெண் கொடுத்தோம். அந்திப்பொழுதில் முழுநிலா கிழக்கே எழுமேயன்றி மேற்கே நில்லாது. அறிவியல் ஆசிரியர்கூட அதனைக் கவனிக்கவில்லை. நான் எடுத்த படியின் பிழை, ஏழாண்டுக் காலம் எங்கள் பள்ளியில் உண்மையாக வாழ்ந்தது.

2016-இல் சாமான் அறையைப் பழுதுபார்க்க நேர்ந்தபோது மூலப்படம் வெளியே வந்தது. கறையான் வலப்புறக் கீழ்மூலையில் ஓர் உள்ளங்கை அகலம் தின்றிருந்தது. ஓவிய ஆசிரியர் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். மதுரையில் அச்சுத்தொழில் செய்யும் என் பழைய மாணவர் ஒருவருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் வந்து பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. “இனிமேலாவது சரியாக ஒரு படி எடுத்துவிடுவோம், ஐயா” என்றார். அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தபோதுதான், 2009-இல் நான் எத்தனை பிழைகளை ஒரே நொடியிற் செய்தேன் என்பது விளங்கிற்று.

முதலில் கண்ணாடியைக் கழற்றி, பஞ்சுபோன்ற தூரிகையால் தூசு தட்டினார். காமிராவின் முகமும் படத்தின் முகமும் ஒன்றுக்கொன்று நேர் இணையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நீள்சதுரம் ஒருபக்கம் குறுகிவிடும். கொத்தனார் வைத்திருப்பாரே, ரசமட்டம், அதை வைத்துச் சரிபார்த்தார். ஜன்னல்களை அடைத்துவிட்டு, படத்தின் இருபுறத்திலும் 45 பாகைச் சாய்வில் ஒன்றுபோன்ற இரு விளக்குகளை நிறுத்தினார். ஒளி பக்கவாட்டிலிருந்து வந்தால் அதன் பளபளப்பு காமிராவின் கண்ணுக்குள் திரும்பாது. என் வெள்ளை வேட்டியைப் பார்த்துவிட்டு, “ஐயா கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வேட்டியின் வெளிச்சம் படத்தில் விழுகிறது” என்றார். அவர் கருஞ்சட்டை அணிந்து வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. வெறும் வெள்ளைத் தாளொன்றை முதலிற் படம்பிடித்து, நான்கு மூலையிலும் நடுவிலும் ஒளி ஒரே அளவாக இருக்கிறதா என்று கணிப்பொறியில் அளந்தார். பிறகு 24 நிறக்கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டையைப் படத்தின் ஓரத்தில் வைத்தார். அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றின் நிறமும் இன்ன அளவு என்று முன்கூட்டியே அளக்கப்பட்டது. காமிரா அதனை எவ்வளவு பிழையாகக் கண்டிருக்கிறது என்று கணக்கிட்டால், ஓவியத்திலும் அதே பிழையை நீக்கிக்கொள்ளலாம். வியாபாரி எடைக்கல்லை முதலில் சோதித்துக்கொள்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கிலே ஆர்வமுள்ள மாணவர்கள் இதனைக் கவனியுங்கள். கையில் எடுத்துப் பார்க்கும் தூரத்தில் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்ற, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது இத்தொழிலின் வழக்கம். 30 அங்குலத்திற்கு 9,000. 22 அங்குலத்திற்கு 6,600. பெருக்கினால் 5 கோடியே 94 இலட்சம் புள்ளிகள். என் பழைய காமிரா நீளவாட்டில் 3,264 புள்ளிகளே தந்தது. அதனை ஆறடிக்கு, அதாவது 72 அங்குலத்திற்கு இழுத்தால், அங்குலத்திற்கு 45 புள்ளிதான் வரும். மாடுகளின் கொம்புகள் படிக்கட்டுப் போலத் தெரிந்ததன் காரணம் அதுவே. என் மாணவர் ஓவியத்தை ஆறு பகுதிகளாக, ஒன்றன் விளிம்பு மற்றொன்றில் ஏறும்படி படம்பிடித்துக் கணிப்பொறியில் இணைத்தார். ஒவ்வொரு அடிப்படை நிறத்திலும் 256 படிகள் கொள்வது சாதாரணப் படம். அவர் சேமித்து வைத்த கோப்பு 65,536 படிகள் கொண்டது. வானம் மஞ்சளிலிருந்து ஊதாவுக்குப் பட்டை பட்டையாக விழாமல் வழுக்கிக்கொண்டு இறங்க இந்த நுட்பம் வேண்டும். சிலர் வாட்ஸப்பில் வந்த படத்தை அச்சிடக் கொடுக்கிறார்கள். சக்கையான கரும்பை ஆலைக்குக் கொண்டுபோவதற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை.

படம்பிடித்தல் பாதி வேலையே. திரையிற் காண்பது ஒளி. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகள் கூடி வெண்மையாகின்றன. தாளிற் காண்பது மை. சயான், மெஜந்தா, மஞ்சள் மைகள் கூடக் கூட நிறம் இருண்டு போகிறது. ஒன்று கூட்டல், மற்றொன்று கழித்தல். திரையில் அழகாக இருந்தது தாளில் மங்குவதற்கு இதுவே அடிப்படை. இன்ன அச்சுப்பொறி, இன்ன மை, இன்ன தாள் சேர்ந்தால் இன்ன நிறம் வரும் என்று அளந்தெழுதிய குறிப்புக் கோப்பு ஒன்று உண்டு. தொழிலிலுள்ளோர் அதனைப் புரொபைல் என்பர். அதனைப் பொதுவாக வரையறுக்க 1993-இல் அனைத்துலக நிறக்குழு ஒன்று அமைந்தது. அதன் பின்னரே ஓர் ஊரிற் பிடித்த படத்தை வேற்றூரில் அச்சிட்டும் நிறம் பிசகாமல் காக்க வழி பிறந்தது.

தாளையும் சொல்லவேண்டும். கடையிற் கிடைக்கும் பளீரென்ற வெள்ளைத் தாளுக்கு அந்த வெண்மை ஒருவகை இரசாயனத்தால் வருவது. ஆண்டுகள் சென்றால் அதன் ஆற்றல் குன்றித் தாள் மஞ்சளாகும். அமிலம் நீக்கிய பருத்தி நார்த் தாளே இதற்கு உகந்தது. மையிலும் இருவகை: நீரிற் கரைந்த சாயம் ஒன்று, கரையாத நுண்துகளாக நிற்கும் நிறமி மற்றொன்று. சாயம் பகட்டாக இருக்கும், விரைவில் வெளுக்கும். நிறமி நின்று நிலைக்கும்.

என் மாணவர் மலையின் ஊதாவை மட்டும் துண்டுத் தாள்களில் ஒன்பது தடவை அச்சிட்டார். ஒவ்வொன்றையும் உலரவிட்டு மறுநாள் மூலத்தோடு ஒப்பிட்டார். ஐந்தாவது துண்டு குழல் விளக்கின்கீழ் மிகச் சரியாக இருந்தது. வெளியே வெயிலில் கொண்டுபோனால் சிவந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெண்மக்கள் இதனை நன்கறிவர். கடைவிளக்கின்கீழ்ச் சேலைக்குப் பொருந்திய இரவிக்கைத் துணி, தெருவுக்கு வந்ததும் வேறு நிறமாகிவிடும். இருவேறு பொருள்கள் ஓர் ஒளியில் ஒத்தும் வேறொளியில் ஒவ்வாமலும் நிற்பது இயற்கை. ஆகவே இன்ன ஒளியிற் பார்ப்பது என்று வரையறுத்துக்கொண்டுதான் ஒப்பிடவேண்டும். இத்தொழிலில் பகலொளியை ஒத்த 5,000 கெல்வின் விளக்கை அளவுகோலாகக் கொள்வர்.

அச்சுக்கு எட்டாதவையும் உண்டு. தஞ்சாவூர்ப் படங்களில் ஒட்டிய பொன்தகடு ஒரு நிறமன்று. அது ஒளியைத் திருப்பியனுப்பும் பரப்பு. பார்ப்பவர் நகர்ந்தால் அதுவும் மின்னும். அதனை எத்தனை மைகளைக் கொண்டு அச்சிட்டாலும் பழுப்பு மஞ்சளே எஞ்சும்.

படியெடுக்கும் ஆசை நம் நாட்டிற்குப் புதிதன்று. இரவிவர்மா, திவான் பதவி வகித்த மாதவராவ் சொன்ன யோசனை வழியே, 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மானியத் தொழில்வல்லார் ஒரு நிறத்திற்கு ஒரு கல்லாகச் சுண்ணாம்புக் கற்களில் படத்தைப் பிரித்தெழுதி, ஒன்றன்மேலொன்றாகப் பதித்தார்கள். அரண்மனைச் சுவரிலிருந்த இலக்குமியும் கலைமகளும் ஏழை வீட்டுச் சுவருக்கு இறங்கி வந்தார்கள். நம் பக்கத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் தீட்டிய தெய்வப் படங்கள், சிவகாசி நாட்காட்டிகளாகி ஊரூராகப் பரவின. வீட்டிலுள்ள பழைய நாட்காட்டியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முருகன் முகம் நான்கு நிறப் புள்ளிகளாகச் சிதறுவதைக் காண்பீர்கள். இங்க்ஜெட் முறையில் அந்த ஒழுங்கான புள்ளிக் கோலம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மைத்துளிகள் தெளிக்கப்படுகின்றன. அச்சகத்தார் முன்மாதிரி பார்க்க வைத்திருந்த ஐரிஸ் என்னும் பொறியைக் கலைப்படிகளுக்கு முதலிற் பயன்படுத்தியோருள் கிரகாம் நாஷ் என்ற ஆங்கிலேயப் பாடகர் ஒருவர். 1991-இல் அமெரிக்காவில் அதற்கெனக் கூடமொன்று நிறுவினார். அந்தத் தொடக்ககாலப் படிகளில் பல, சாயமையின் காரணமாக விரைவில் வெளுத்துப்போயின.

படியினால் மூலத்திற்கு நன்மையா, கேடா? இரண்டிற்கும் சான்று உண்டு. அசந்தாக் குகை ஓவியங்களைப் படியெடுக்க 1872 முதல் 1885 வரை ஜான் கிரிஃபித்ஸ் என்பார் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவரோடு உழைத்தார். ஓவியங்கள் தெளிவாகத் தெரியும்பொருட்டு அவற்றின்மேல் மெருகெண்ணெய் பூசினார்கள். பூசிய எண்ணெய் பின்னர் மஞ்சளித்து, ஓவியங்களுக்கே தீங்காயிற்று. இலண்டனுக்கு அனுப்பிய படிகளிற் பலவோ 1885-இல் தீயில் எரிந்தன. அவருக்கு முன்னே இராபர்ட் கில் பல்லாண்டுகள் எழுதிய படிகளும் 1866-இல் பளிங்கு அரண்மனைத் தீயில் அழிந்தவையே. படியும் போயிற்று, மூலமும் நலிந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்தது வேறு. கருவறையைச் சுற்றிய இடுங்கிய நடைவழியில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியிற் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஈரச் சுண்ணத்தின்மேல் தீட்டப்பட்டவை அவை என்பதை வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து வெளியிட்டார். மூச்சுக் காற்றின் ஈரமும் விளக்கு வெப்பமும் அந்தச் சுவருக்குப் பகை. ஆகவே பொதுமக்கள் அவ்வழியிற் செல்ல இயலாது. அச்சந்தில் காமிரா பின்னால் நகரவும் இடமில்லை. துண்டு துண்டாகப் பிடித்து இணைத்தே சுந்தரர் கயிலை செல்லும் காட்சியையும் திரிபுரம் எரித்த பெருமானையும் முழுமையாகக் காணவேண்டியிருந்தது. தொல்லியல் துறையின் பி. எஸ். ஸ்ரீராமன் அப்படங்களைக் கொண்டு எழுதிய நூல் 2011-இல் வெளிவந்தது. கோயில் வளாகத்து விளக்கக் கூடத்திலும் படிகள் வைக்கப்பட்டன. மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்தபோது, சுண்ணம் பெயர்ந்த இடங்கள் பெயர்ந்தபடியே காட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். ஒரு மாணவி, “இதை ஏன் ஐயா சரிசெய்யாமல் விட்டார்கள்?” என்று கேட்டாள். அன்றைக்கு நான் சரியான விடை சொல்லவில்லை.

எங்கள் படத்திற்கு அதே கேள்வி வந்தது. கறையான் தின்ற மூலையைக் கணிப்பொறியில் நிரப்பிவிடலாமே என்று நான்தான் கேட்டேன். அதற்கான மென்பொருள்கள் இருக்கின்றன. பக்கத்து நிறங்களைப் பார்த்து இல்லாததை இட்டு நிரப்பிவிடும். என் மாணவர் மறுக்கவில்லை. “நிரப்பலாம், ஐயா. அங்கே என்ன இருந்தது, சொல்லுங்கள்” என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது ஆண்டுகள் பார்த்த படம்! ஒரு கிணறு இருந்ததாக ஓர் ஆசிரியர் சொன்னார். புல்லுக்கட்டுச் சுமந்த கிழவி என்றார் இன்னொருவர். ஒரு நாய் படுத்திருந்ததாக எனக்கு நினைவு, உறுதியில்லை. பிளெக்ஸைப் போய்ப் பார்த்தோம். அச்சுக்கடையில் வெட்டியெறிந்த கீழ்ப்பட்டையோடு அந்த மூலையும் போயிருந்தது. என் காமிராவிலிருந்த மூலக்கோப்பையும் விழா முடிந்தபின் நானே அழித்துவிட்டேன், இடம் போதவில்லை என்று.

இரவிவர்மா அச்சகம் தொடங்கிய அதே 1894-இல்தான் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஏடுகள் செல்லரித்திருந்தன. 267, 268 ஆகிய இரு பாடல்களும் கிடைக்கவில்லை. இன்னும் பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. யாப்பறிந்த அந்தப் பெரியவர் நினைத்திருந்தால், ஓசை குன்றாமல் ஓரிரு சீர்களை அங்கே பெய்திருக்க முடியாதா? செய்யவில்லை. புள்ளிகளை இட்டு, இங்கே ஏடு இல்லை என்று காட்டிவிட்டார். தமிழாசிரியனாக அந்தப் புள்ளிகளை எத்தனையோ வகுப்புகளில் பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். என் மாணவர் அதனை எனக்கு நினைவூட்டினார். அவர் அந்த வகுப்பில் இருந்தவர்.

மூலையை அப்படியே விட்டோம். கறையான் அரித்த கிழிசல் விளிம்பு, அதன் பழுப்பு நிறத்தோடு படியிலும் வந்திருக்கிறது. பிளெக்ஸைக் கழற்றிவிட்டுப் புதிய படியைக் கூடத்தில் மாட்டினோம். கீழே சிறு அட்டையில், ‘இது படி, மூலம் பெட்டியில் உள்ளது, வலப்புறக் கீழ்மூலை கறையானால் அழிந்தது, மலைமேல் நிலா இல்லை’ என்று எழுதி வைத்தேன். கடைசி வாக்கியத்தைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். மூலப்படம் அமிலமற்ற தாளில் பொதியப்பட்டு, இருளான, உலர்ந்த பெட்டியில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை திறந்து பார்க்கவேண்டும் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் 2018-இல் ஓய்வு பெற்றேன்.

சென்ற மாதம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் படத்தின் முன்னே நின்றுகொண்டிருந்தான். “மாடெல்லாம் அந்த மூலையைப் பார்த்தேதான் போகுதுங்க, ஐயா. அங்கே யார் நின்னாங்க?” என்று கேட்டான்.

“தெரியாதப்பா” என்றேன். அவன் மறுபடியும் படத்தைப் பார்க்கத் தொடங்கினான்.